மனுவின் முதல் வரி: கடற்கொள்ளைக்கு எதிராக யாரிடம் என்ன கேட்பது?

எங்கள் மீனவர் சங்கத்துக்காக மனு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்து மூன்று கிழமையாகிறது. திருகோணமலை கொட்பே துறைமுகத்தில், வலை பொத்தும் கொட்டகைக்குள் நடந்த கூட்டத்தில் நாற்பது பேர் வரை இருந்தார்கள். ஆழ்கடலுக்குப் போகும் படகுகளைக் கடற்கொள்ளையரிடமிருந்து காப்பாற்ற அரசிடம் என்ன கேட்பது என்பதுதான் பேச்சு. "எங்கட நேவிக் கப்பலை அங்க அனுப்பச் சொல்லுங்கோ" என்றார் படகுச் சொந்தக்காரரான ஒரு சம்மாட்டி. "படகில துவக்கு வைக்க விடச் சொல்லுங்கோ" என்றான் ஒரு இளைஞன். "இந்தியன் நேவி எந்த நேரமும் அங்க நிக்குது, அவங்களோட பேசி முடிக்கச் சொல்லுங்கோ" என்றார் மூன்றாமவர். படகை நடத்தும் ஒரு வயதான தண்டல் மட்டும் கடைசியில் எழும்பி, "நாங்கள் றேடியோவில கூப்பிட்டா இராத்திரி இரண்டு மணிக்கு யார் கேக்கிறது? அதை முதல்ல எழுது தம்பி" என்றார்.

நான்கையும் வரிசையாக எழுதி அனுப்பலாம். ஆனால் நான்கு கேட்டால் அமைச்சில் மிகச் சுலபமான ஒன்றைத் தந்து எங்களை அனுப்பிவிடுவார்கள். முதல் வரியில் எது வரவேண்டும் என்று தீர்மானிக்கத்தான் இந்த ஒப்பீட்டை எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் படகுகள் வங்காள விரிகுடாப் பக்கம்தானே போகின்றன, சோமாலியாக்காரன் இங்கே எங்கே வருகிறான் என்று வெளியூர் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. திருக்கடலூரிலும் வீரநகரிலும் கரையிலிருந்து ஒரு நாளில் போய்வரும் சின்னப் படகுகளுக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் வாடைக்காற்று எழும்பிவிட்டால் கிழக்குக் கடல் எங்களுக்குக் கதவைச் சாத்திவிடும். அந்த மாதங்களில் எங்கள் பிள்ளைகள் பலர் நீர்கொழும்பு, சிலாபம் பக்கம் பலநாள் படகுகளில் கூலிக்கு ஏறுகிறார்கள். என் அக்காவின் மகனும் அப்படித்தான். சூரை மீனைத் தேடி அரபிக்கடலின் நடுவரைக்கும் போகிற படகு அது. அவன் கரை திரும்பும்வரை அக்கா சாமி அறை விளக்கை அணையவிடுவதில்லை.

எல்லா வழிகளையும் அளந்து பார்க்க எனக்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. 2024 ஜனவரியில் 'லொரென்ஸோ புத்தா 4' என்ற பலநாள் படகு ஆறு பேருடன் கடத்தப்பட்டது. இலங்கைக் கரையிலிருந்து ஆயிரம் கடல் மைலுக்கும் அப்பால் நடந்த சம்பவம். 27ஆம் திகதி பிடிபட்ட படகு, 29ஆம் திகதி சீஷெல்ஸ் நாட்டுக் கரையோரக் காவல் படையால் மீட்கப்பட்டது. கொள்ளையர் மூவரும் சரணடைந்தார்கள். ஆறு பேரும் உயிரோடு வந்தார்கள். இடையில் நடந்தது என்ன? எங்கள் கடற்படை, பல நாட்டுக் கடற்படைகள் சேர்ந்து பஹ்ரெய்னிலிருந்து நடத்தும் கூட்டுக் கடல்சார் படைகளுக்குத் தகவல் கொடுத்தது. இந்தியக் கடற்படை 'ஷார்தா' கப்பலையும் ஆளில்லா விமானம் ஒன்றையும் தேடலுக்கு அனுப்பியது. டில்லிக்குப் பக்கத்தில் குருகிராமில் உள்ள கடல்சார் தகவல் மையத்தின் வழியாகச் செய்தி சீஷெல்ஸுக்குப் போனது. கடைசியில் படகு யாருடைய கடலுக்குள் நுழைந்ததோ, அவர்களே மறித்துப் பிடித்தார்கள்.

இதில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது நேரத்தை. மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் ஒரு போர்க்கப்பல் கொழும்பிலிருந்து புறப்பட்டால் ஆயிரம் கடல் மைலைக் கடக்க 66 மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். ஏறக்குறைய மூன்று நாள். படகு மீண்டது இரண்டு நாளில். எங்கள் கப்பல் அன்றைக்கே நங்கூரம் தூக்கியிருந்தாலும், அது பாதி வழியைத் தாண்டிய நேரத்தில் எல்லாம் முடிந்திருக்கும். பிந்தியிருந்தால் என்ன ஆகும் என்பதும் எங்களுக்குத் தெரியும். 2010 நவம்பரில் கடத்தப்பட்ட 'அல்பெடோ' என்ற சரக்குக் கப்பலில் இலங்கையரும் இருந்தார்கள். கப்பல் முதலாளி கப்பம் கட்டி முடிக்கவில்லை. 2013இல் அந்தக் கப்பல் மூழ்கியே போனது. மிஞ்சியவர்கள் வெளியே வந்தது 2014 ஜூனில். மூன்றரை வருடம்.

இந்த அளவுகோலோடு முதலாவது வழிக்கு வருகிறேன். எங்கள் கப்பலை அங்கே அனுப்புவது.

இலங்கை 2023 நவம்பரில் கூட்டுக் கடல்சார் படைகளில் 39ஆவது நாடாகச் சேர்ந்தது. அமெரிக்காவின் ஐந்தாவது கடற்படை அணியின் தளபதியே இதற்கும் தலைவர். இதன் கீழ் 151 என்ற இலக்கமுடைய அணி, 2009 ஜனவரியிலிருந்து கடற்கொள்ளைக்கென்றே இயங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 'அட்டலாண்டா' நடவடிக்கை அதற்கு ஒரு மாதம் முந்தியது. இந்தக் கப்பல்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது. 2011இல் சோமாலியக் கொள்ளை உச்சத்தில் இருந்தது. அடுத்த இரண்டு மூன்று வருடங்களில் அது சரிந்து விழுந்ததற்கு இவர்களின் ரோந்தும் ஒரு பெரிய காரணம். 2025 நவம்பரிலும் 'ஹெலாஸ் அப்ரோடைட்' என்ற எண்ணெய்க் கப்பலில் கொள்ளையர் ஏறியபோது, மாலுமிகள் 24 பேரும் கப்பலுக்குள் இருந்த பலமான அறைக்குள் புகுந்து பூட்டிக்கொண்டு காத்திருக்க, அட்டலாண்டாவின் ஸ்பானியக் கப்பல்தான் போய்ச் சேர்ந்தது.

ஆனால் நாங்கள் கேட்பது, அந்தக் கூட்டத்துக்கு எங்கள் கப்பலும் போனால் என் அக்கா மகனுக்கு என்ன கிடைக்கும் என்பதை. 2024 ஜனவரியில் செங்கடலுக்குக் கப்பல் அனுப்பும் பேச்சு வந்தபோது, இரண்டு கிழமைக்கு 250 மில்லியன் ரூபா செலவாகும் என்று அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவே சொன்னார். வருடம் முழுக்க ஒரு கப்பல் நிற்பதென்றால் அந்தக் கணக்கில் 6,500 மில்லியன். நாடு கடன் கட்ட முடியாமல் கையை விரித்து இரண்டு வருடம்கூட ஆகாத நேரம் அது. இந்தப் பயணத்துக்குத் தாங்கும் எங்கள் பெரிய கப்பல்களில் கஜபாகுவும் விஜயபாகுவும் அமெரிக்கக் கரையோரக் காவல் படை ஓட்டி முடித்துத் தந்தவை. அரை நூற்றாண்டு வயதானவை. அவற்றில் ஒன்று ஏடன் வளைகுடாவில் வணிகக் கப்பல்களுக்குத் துணை போகலாம். அரபிக்கடலின் நடுவில் தனியாக நீள்தூண்டில் விட்டுக்கொண்டிருக்கும் நாற்பது ஐம்பது அடிப் படகு அதன் கண்ணில் படாது. உறுப்பினராக இருப்பதை விடச்சொல்லி நான் கேட்கவில்லை. பஹ்ரெய்னில் எங்கள் அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருப்பதால் கிடைக்கும் தகவல், கப்பல் ஒன்றை அனுப்புவதால் கிடைப்பதைவிட அதிகம். அதற்கு ஆகும் செலவோ ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு சம்பளம்.

இரண்டாவது வழியான துவக்குக் கதைக்கு நீண்ட நேரம் தேவையில்லை. பெரிய வணிகக் கப்பல்களுக்கு ஆயுதக் காவலாளிகள் பயன்பட்டார்கள், அது உண்மை. காலிக்கு அப்பால் கடலில் மிதக்கும் ஆயுதக் களஞ்சியங்கள் நின்ற காலத்தை நாங்கள் எல்லோரும் அறிவோம். ஆனால் மீனவனுக்கு அதே துவக்கின் மறுமுனையும் தெரியும். 2012 பெப்ரவரியில் கேரளாவுக்கு அப்பால் 'எண்ரிகா லெக்ஸி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு நின்ற படையினர், ஒரு மீன்பிடிப் படகைக் கொள்ளையர் படகென்று நினைத்துச் சுட்டார்கள். இறந்த இருவரும் மீனவர்கள். ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளை, எங்கள் மொழி பேசுகிறவர். எட்டு வருட வழக்கு, பிறகு 10 கோடி இந்திய ரூபா நட்டஈடு. கடலில் ஆயுதம் கூடக் கூட, முதலில் சந்தேகப்படப்போவது வேகமாகப் போகும் சின்னப் படகைத்தான். எங்கள் பிள்ளைகள் இருப்பது அந்தப் படகில். தாழ்ந்த விளிம்புள்ள பைபர் படகில் ஆறு பேர் நின்று கலாஷ்னிகோவ் வைத்திருப்பவனோடு சண்டை பிடிக்கவும் முடியாது. யுத்த காலத்தில் பாஸ் எடுத்துக்கொண்டு கடலுக்குப் போன எங்கள் ஊரில், படகில் துவக்கு வைக்க அனுமதி என்ற வரியை எழுத என் கை போகாது. கூட்டத்திலேயே இதைச் சொன்னேன். அந்த இளைஞனும் பிறகு ஒப்புக்கொண்டான்.

மூன்றாவது வழி இந்தியாவும் சுற்றியுள்ள சிறிய நாடுகளும். இதில்தான் எனக்கு அதிக நேரம் போனது. ஏனென்றால் இங்கே பலனும் பெரிது, எங்கள் ஊருக்கு இருக்கும் தயக்கமும் பெரிது.

பலனை முதலில் சொல்கிறேன். 2023 டிசெம்பரில் 'ரூவன்' என்ற கப்பல் கடத்தப்பட்டது. மூன்று மாதம் கழித்து, 2024 மார்ச் 16ஆம் திகதி, இந்தியக் கடற்படை சுமார் 40 மணித்தியாலம் நீடித்த நடவடிக்கையில் 17 மாலுமிகளையும் மீட்டு, 35 கொள்ளையரையும் பிடித்து மும்பாய்க்குக் கொண்டுபோனது. விட்டுவிட்டுப் போகவில்லை, வழக்குப் போட்டார்கள். 2022இல் அவர்கள் கொண்டுவந்த கடற்கொள்ளை எதிர்ப்புச் சட்டம் அதற்குக் கைகொடுத்தது. அதற்கு ஏறக்குறைய ஏழு கிழமைக்கு முன், 2024 ஜனவரி கடைசியில், 'சுமித்ரா' என்ற ஒரே கப்பல் அடுத்தடுத்து இரண்டு மீன்பிடிப் படகுகளை மீட்டது. ஒன்றில் 17 பேர். மற்றதில் பாகிஸ்தானியர் 19 பேர். இரண்டு நாட்டுக்கும் இடையில் உள்ள பகையை நினைத்தால், கடலில் கப்பல்காரன் பார்க்க வேண்டியது எது என்று விளங்கும்.

கொள்ளையனுக்கு மீன்பிடிப் படகு ஏன் வேண்டும் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். ஆறு மீனவரிடம் கப்பம் பறிப்பது அவனுக்குப் பெரிய வரவல்ல. படகை வைத்துக்கொண்டால் தன் சின்ன வேகப்படகுகளை அதில் ஏற்றி, ஆயிரம் மைல் வெளியே வந்து, பெரிய கப்பலைப் பிடிக்கலாம். எங்கள் படகு அவனுக்குத் தாய்க்கப்பல். படகில் இருப்பவர்கள் அவனுக்குக் கேடயம். ஆகவே எங்கள் படகு பிடிபட்ட முதல் சில மணித்தியாலத்துக்குள் செய்தி போய்ச் சேர்வது, அடுத்துப் பிடிபடப்போகும் எண்ணெய்க் கப்பலுக்கும் பாதுகாப்பு. வல்லரசுகள் எங்களுக்கு உதவுவது தர்மம் மட்டுமில்லை, அவர்களுக்கும் அதில் தேவை இருக்கிறது. மனுவில் நாங்கள் கெஞ்சத் தேவையில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்தியாவோடு சேர்ந்து வேலை செய்யும் ஏற்பாடுகள் ஏற்கெனவே எங்கள் வாசலில் நிற்கின்றன. 2018இலும் 2020இலும் இரண்டு கடற்படைகளும் கூட்டுப் பயிற்சி செய்தது திருகோணமலையில்தான். இந்தியாவின் 6 மில்லியன் டொலர் நன்கொடையில் அமைந்த கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு நிலையம் 2024 ஜூனில் தொடங்கப்பட்டது. தலைமை நிலையம் கொழும்புக் கடற்படைத் தலைமையகத்தில், துணை நிலையம் அம்பாந்தோட்டையில், ஆளில்லாக் கருவி நிலையங்கள் ஏழு இடங்களில். அந்த ஏழில் திருகோணமலையும் ஒன்று, எங்கள் மாவட்டத்துக் கல்லராவையும் ஒன்று. கூட்டத்துக்கு வந்த நாற்பது பேரில் இதை அறிந்திருந்தவர்கள் இரண்டு பேர்.

இப்போது தயக்கம். வடக்கே எங்கள் உறவுகளின் வலைகளை இந்திய இழுவைமடிப் படகுகள் அறுத்துக்கொண்டு போகிற வேதனை இன்னும் தீரவில்லை. மீட்புக்கு இந்தியாவையே நம்பினால், அந்த வழக்கில் எங்கள் குரல் தணிந்துபோகும் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அவருடைய பயத்தை நான் தள்ளிவிடவில்லை. அதோடு, எங்கள் துறைமுகத்துக்கென்று தனிக் கதை ஒன்று இருக்கிறது. ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று எல்லோரும் அடிபட்டது இந்தக் குடாவுக்காக. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டதும் இதற்காக. 1987இல் இந்திய–இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களிலும், இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக வேறெந்த நாடும் திருகோணமலையை இராணுவத் தேவைக்குப் பயன்படுத்த விடக்கூடாது என்ற வாசகம் இருக்கிறது. 'ஒத்துழைப்பு' என்று யாராவது சொன்னால், பிரட்றிக் கோட்டை நிழலில் வளர்ந்த எவரும் முதலில் கேட்பது, அதற்குப் பதிலாக எங்கள் குடாவில் எதைக் கேட்பார்கள் என்பதைத்தான்.

ஆனாலும் இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம் என்பது என் முடிவு. ஆபத்தில் இருக்கும் படகின் நிலையைப் பரிமாறிக்கொள்வதற்குத் தளமும் வேண்டாம், குத்தகையும் வேண்டாம். இழுவைமடிப் பிரச்சினை மீன்வளத்தைப் பற்றியது, அதைப் பேசும் மேசை வேறு. மேலும் இந்த வழியில் நாங்கள் சாய்வது இந்தியாவின் மேல் மட்டுமில்லை. லொரென்ஸோ புத்தாவைக் கடைசியில் மறித்தது சனத்தொகையில் எங்கள் மாவட்டத்தைவிடச் சிறிய நாடு. சீஷெல்ஸ், மாலைதீவு, மொரீஷியஸ் எல்லாம் அந்தக் கடலின் வாசலில் குடியிருப்பவர்கள். கொள்ளையரைப் பிடித்து விசாரித்துச் சிறையில் போட்ட அனுபவம் சீஷெல்ஸுக்கு நிறைய. மாலைதீவும் மொரீஷியஸும் கொழும்புப் பாதுகாப்பு மாநாடு என்ற நாடுகளின் கூட்டமைப்பில் எங்களோடு உறுப்பினர்கள். பெரியண்ணன் ஒருவரை மட்டும் பிடித்துத் தொங்காமல், இந்தச் சின்னவர்களோடும் நேரே பேசும் தொலைபேசி இலக்கம் எங்களுக்கு இருக்கவேண்டும்.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். கடற்கொள்ளையரைப் பொதுக்கடலில் எந்த நாட்டுப் போர்க்கப்பலும் பிடிக்கலாம் என்பது ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கையின் 105ஆம் உறுப்புரை. இலங்கையிலும் 2001ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கடற்கொள்ளைச் சட்டம் இருக்கிறது. சோமாலியாவின் சொந்தக் கடலுக்குள் புகுவதற்கு 2008இலிருந்து ஐ.நா. பாதுகாப்புச் சபை தந்துவந்த அனுமதி மட்டும் 2022 மார்ச்சில் காலாவதியாகிவிட்டது. அதாவது கடத்திய படகை அவர்கள் தங்கள் கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் வேலை பத்து மடங்கு கடினம். மறுபடியும் அதே நேரக் கணக்கு.

அந்த நேரக் கணக்குத்தான் என்னைத் தண்டல் கேட்ட கேள்விக்குக் கொண்டுவந்தது. அவருடைய படகில் ஏறிப் பார்த்தேன். சுக்கான் அறை இரண்டு பேர் நிற்கக் காணாது. இடப்பக்கம் தொலைதூரம் பேசும் எஸ்.எஸ்.பி. றேடியோ. அதன் பேசுகருவியின் வயரில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. மேலே கூரையில் செய்மதிப் பெட்டி. படகு நிற்கும் இடத்தைக் கரைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். பலகையில் ஒட்டியிருந்த கடதாசியில் மூன்று தொலைபேசி இலக்கங்கள். உப்புக்காற்றில் மை கரைந்து, நடு இலக்கத்தின் கடைசி இரண்டு எண்கள் காணாமல் போயிருந்தன. மூன்றும் சிங்களத்தில் எழுதப்பட்ட அலுவலகப் பெயர்கள். "இது எங்களைக் காப்பாற்ற வந்த பெட்டி இல்லைத் தம்பி," என்றார், கூரையைக் காட்டி. "எல்லை தாண்டிறமோ எண்டு பார்க்க வந்தது." அவர் சொல்வது சரி. ஐரோப்பா எங்கள் மீனுக்கு 2015இல் தடை போட்டு, 2016இல் விலக்கிய காலத்தில்தான் இந்தப் பெட்டிகள் படகுகளில் ஏறின. நாங்களும் டியாகோ கார்சியாப் பக்கம் பிறர் கடலில் பிடிபட்டவர்கள்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பெட்டி இருக்கிறது. காசு கொடுத்து மாட்டியாயிற்று. எல்லைக்கோட்டை நோக்கிப் போகும் படகைக் காட்டுகிற அதே திரையில், சூரைக்கூட்டத்தை விட்டுவிட்டு திடீரென்று மேற்கே நேர்கோட்டில் ஓடும் படகும் தெரியும். அதை இரவு இரண்டு மணிக்குப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். பார்த்தவுடன் யாருக்குச் சொல்வது என்ற ஒழுங்கு வேண்டும்.

கடற்கொள்ளைக்கு எதிராக ஆசிய நாடுகள் சேர்ந்து செய்த 'ரீகாப்' ஒப்பந்தம் இப்படிப்பட்ட ஒழுங்குக்கு நல்ல முன்மாதிரி. 2006இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை அதில் உறுப்பினர். தகவல் மையம் சிங்கப்பூரில். அதற்குச் சொந்தப் போர்க்கப்பல் கிடையாது. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு பொறுப்பு நிலையம், அங்கே வரும் செய்தி மற்ற எல்லோருக்கும் போகும், அவ்வளவுதான். பஹ்ரெய்ன், குருகிராம், சிங்கப்பூர் என்று மூன்று கதவுகளும் இன்றைக்கு எங்களுக்குத் திறந்திருக்கின்றன. அடைபட்டிருப்பது படகிலிருந்து கொழும்பு வரைக்கும் உள்ள எங்கள் சொந்தப் பாதை. லொரென்ஸோ புத்தாவின் ஆறு பேரும் தப்பியது செய்தி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததால். அடுத்த படகில் றேடியோ வயர் அறுந்திருந்தால்? அல்லது பேசுகிறவனுக்குத் தமிழ் மட்டும் தெரிந்திருந்து, மறுபக்கத்தில் கேட்பவருக்குத் தமிழ் தெரியாமலிருந்தால்? எங்கள் பையன்கள் மேற்கே போய்ப் பழகிச் சிங்களம் பேசுவார்கள்தான். கழுத்தில் துவக்கு வைக்கப்பட்ட ஒருவனுக்கு வாயில் வருவது தாய்மொழி.

ஆகவே மனுவை இப்படி எழுதியிருக்கிறேன். முதல் வரி: மீட்பு ஒருங்கிணைப்பு நிலையத்திலும், படகுகளின் செய்மதித் திரைக்கு முன்னாலும் 24 மணித்தியாலமும் தமிழும் சிங்களமும் தெரிந்த ஆட்கள் இருக்கவேண்டும், திரையில் சந்தேகமான ஓட்டம் தெரிந்தவுடன் சங்கத்தைக் கேட்டுக்கொண்டிராமல் மூன்று மையங்களுக்கும் செய்தி போகவேண்டும். இரண்டாவது: சீஷெல்ஸோடும் மாலைதீவோடும் படகு மீட்புக்கென்று நேரடி ஏற்பாடு, இந்தியாவோடு இப்போதுள்ளதை எழுத்தில் உறுதிப்படுத்துவது. மூன்றாவது: பஹ்ரெய்னில் எங்கள் அதிகாரி தொடர்ந்து இருக்கட்டும், கப்பல் அனுப்பும் பணத்தில் ஒரு பங்கையாவது ஆழ்கடல் படகுகளின் றேடியோவுக்கும் செய்மதித் தொலைபேசிக்கும் மானியமாகத் தரட்டும். துவக்கைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இதுவரை 31 பேர் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். நேவிக் கப்பலைக் கேட்ட சம்மாட்டி இன்னும் வைக்கவில்லை. இரண்டாவது வரியில் இந்தியாவின் பெயர் வருவது அவருக்குப் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய்ப் பேசப்போகிறேன். போகும் வழியில் தண்டலின் படகில் ஏறி, மூன்று இலக்கங்களையும் தமிழில் புதிதாக எழுதி, பிளாஸ்ரிக் உறை போட்டு ஒட்டவேண்டும்.